கடைசி பெஞ்சில் கட்டிய கயிறு

தளவாய்புரம் விலக்கில் வண்டி திரும்பியதும் தங்கச்சாமி ஹாரன் பக்கமே கையைக் கொண்டுபோக மாட்டார். நடுரோட்டில் ஆடு நின்றால் உடம்பை வெளியே சாய்த்து மட்கார்டு தகரத்தை உள்ளங்கையால் தட்டுவார். "ஏலே, யாரு ஆடுலே, பத்துலே அங்கிட்டு" என்று குரல் கொடுப்பார். எருமை படுத்திருந்தால் இன்னும் விசேஷம். வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், அதன் முதுகைத் தடவி, தாஜா பண்ணி எழுப்பிவிட்டு வந்து உட்காருவார். பின்னால் உட்கார்ந்திருக்கும் கல்யாண வீட்டுக்காரர்களுக்கு இது நல்ல வேடிக்கை.

"ஏண்ணே, பித்தளையில இம்புட்டுப் பெரிய ஹாரன் மாட்டிருக்கீய, அது என்ன சும்மா காட்சிக்கா?"

"ரப்பர் பிஞ்சு கெடக்கு தம்பி. அமுக்குனா வெறுங்காத்துதான் வரும்."

ரப்பர் பிய்யவில்லை. அன்று காலை ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்தின் முன்னால் அதே ஹாரனை அமுக்கி, டீக்கடையில் நின்றவர்களையெல்லாம் திரும்பிப் பார்க்க வைத்தவர் அவர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போதும் தாராளமாகவே அமுக்குவார். தெற்கே தளவாய்புரம், சேத்தூர், தேவதானம் என்று கிராமங்களுக்குள் இறங்கினால் மட்டும் ரப்பர் பிய்ந்துவிடும்.

அவர் ஓட்டுவது ஊரெல்லாம் 'காத்து வண்டி' என்று சொல்லும் பழைய செவர்லே பஸ். கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது, பக்கச் சுவரும் கிடையாது. தேக்கு மரக் கால்களின் மேல் கித்தான் கூரை, அதன் கீழே குறுக்காகப் போட்ட பெஞ்சுகள். இரண்டு பக்கமும் நீளமாகப் படிப்பலகை ஓடும். யாருக்கு எந்தப் பெஞ்சு வேண்டுமோ அங்கேயே ஏறிக்கொள்ளலாம். கிளப்ப வேண்டுமென்றால் முன்னால் போய்க் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். முதல் சுற்றுக்கு அது கிளம்பியதாகச் சரித்திரம் இல்லை. பச்சையும் மஞ்சளுமாகப் பெயின்ட், முட்டை முட்டையாகப் பித்தளை விளக்குகள். "சைக்கிள்காரன் நம்மகூடப் பேசிக்கிட்டே வரலாம். வேகம் அம்புட்டுதான்" என்று அவரே சொல்வார்.

காக்கிச் சட்டை, பித்தளைப் பொத்தான், வில்லை வைத்த தொப்பி எல்லாம் முதலாளி சுப்புராஜ் தைத்துக் கொடுத்தவை. தொப்பி ஒரு சுற்றுப் பெரியது. ரோடு குலுங்கும்போது அது புருவத்தில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அதனால் கல்யாண ஆல்பங்களில் தங்கச்சாமிக்குக் கண் இருப்பதில்லை. மூக்கும் நரைத்த மீசையும்தான். வேறொரு டிரைவராக இருந்தால் உள்ளே காகிதம் மடித்து வைத்துத் தொப்பியைச் சரிசெய்திருப்பார். இவர் இத்தனை வருடமாக அப்படியே வைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்களை ஆண்டாள் கோயிலுக்குக் கூட்டிப்போவார். அவர்கள் தரிசனம் முடிந்து, பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்து நக்கிக்கொண்டே வண்டியைப் பற்றி விசாரிப்பார்கள். தங்கச்சாமி படிப்பலகையில் ஒரு காலை வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்.

"வெள்ளைக்காரன் காலத்து வண்டி சார். மதுரையில பாடி கட்டுனது. குத்தாலம் சீசனுக்குன்னே விட்டாவ. சாரல் இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போகும். நனையுறதுக்குன்னே சனங்க அடிச்சுப் பிடிச்சு ஏறும். ஆடிப்பூரத் தேருக்கும் இதான் ஓடும்."

"பொறவு?"

"பொறவு பெர்மிட் முடிஞ்சுபோச்சு. ஷெட்டுல கெடந்துச்சு. மொதலாளி கண்ணுல பட்டு இப்பம் மறுபொறப்பு."

இந்த இடத்தில் அவருக்குத் தாகம் எடுத்துவிடும். தண்ணீர்ப் பானையைத் தேடிக்கொண்டு போய்விடுவார். பெர்மிட் முடிந்ததற்கும் ஷெட்டில் கிடந்ததற்கும் நடுவில் ஒரு பஸ் போய்வரும் அளவுக்கு இடம் இருப்பதை, பால்கோவா தின்பவர்கள் யாரும் கவனிப்பதில்லை.

அந்த இடைவெளியில், எண்பதுகளின் தொடக்கத்தில், இந்த வண்டி பிணம் ஏற்றியது. மதுரை ஆஸ்பத்திரியில் யாராவது இறந்துபோனால், கிராமத்து ஏழைகள் உடலை ஊர் கொண்டுவந்து சேர்க்க முடியாமல் தவித்துப்போவார்கள். வாடகைக் கார்க்காரர்கள் பெரிதாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு நழுவிவிடுவார்கள். அப்போது வண்டியை வைத்திருந்த லாரி ஷெட்காரருக்குத் தன் தகப்பனார் விஷயத்தில் அப்படியொரு அலைச்சல் நேர்ந்தது. அந்தக் காரியங்கள் முடிந்ததும் அவர் தங்கச்சாமியைக் கூப்பிட்டு, "யாரு வந்து கேட்டாலும் இல்லைன்னு சொல்லாம எடுத்துட்டுப் போ" என்று வண்டியை ஒப்படைத்துவிட்டார். பக்கம் திறந்த வண்டி என்பதால் காற்றோட்டத்துக்குக் குறைவில்லை. கடைசி பெஞ்சு ஆளைக் கிடத்தத் தோதாக இருந்தது. நெட்டையான ஆள் என்றால் பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தங்கச்சாமி தோளில் கிடக்கும் துண்டை எடுத்துப் பாதத்தைச் சுற்றிக் கட்டுவார். ஊர் எல்லை வந்ததும் ஹாரனை அமுக்குவார். அந்தச் சத்தம் கேட்டால் தெருவில் பெண்கள் கூந்தலை அவிழ்த்துக்கொண்டு ஓடிவருவார்கள். வண்டியைப் புதுப்பித்தபோதும் மாற்றாமல், பளபளப்பு மட்டும் ஏற்றி இன்றுவரை வைத்திருக்கும் ஹாரன் அதுதான்.

சுப்புராஜுக்கு இது தெரியாது. லாரி ஷெட்டிலிருந்து பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்த வண்டியைப் பார்த்து, ஆசைப்பட்டு வாங்கி, மரம் மாற்றிப் பெயின்ட் அடித்தார். இதை ஓட்டத் தெரிந்தவர் யார் என்று தேடியபோது ஒரு மெக்கானிக் தங்கச்சாமியைக் கைகாட்டினார். லாரி ஷெட்டை மூடிவிட்டதால் தங்கச்சாமி அப்போது வேலையில்லாமல் வீட்டில் முறைப்பு வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஏமி தங்கச்சாமி, கல்யாணத்துக்கு விடலாம்னு இருக்கேன். ராசியான வண்டிதானே?" என்று தெலுங்கு கலந்து கேட்டார் சுப்புராஜ்.

"ராசிக்கு என்ன மொதலாளி. குத்தாலம் போன வண்டி."

சொன்னது பொய்யில்லை. ஆனால் பிணம் கிடந்த வண்டியில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்ற இந்தப் பக்கத்தில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வாயை மூடிக்கொண்டார். முதல் முகூர்த்தத்துக்கு வண்டி போனபோது கடைசி பெஞ்சின் குறுக்கே ஒரு தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டிவிட்டார். கேட்டவர்களிடம் ஸ்பிரிங் போய்விட்டது என்றார். அதற்குப் பிறகு அந்தக் கயிறு அவிழவே இல்லை.

கல்யாணத்துக்குக் கிளம்பும் காலையில் செம்பு நிறைய மஞ்சள் தண்ணீர் கரைத்து வண்டியின் மூலை முடுக்கெல்லாம் தெளிப்பார். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைப்பார். முதலாளி இதைப் பக்தி என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறார். தங்கச்சாமியின் மனைவி செல்லக்கனிக்கு அந்த ஏமாளித்தனமெல்லாம் கிடையாது. ஒருநாள் மஞ்சளை அரைத்துக் கொடுத்துக்கொண்டே, "வண்டிக்குத் தெனமும் தீட்டுக் கழிக்கீய. உங்களுக்கு யாரு கழிக்கது?" என்று கேட்டாள். தங்கச்சாமி செம்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தக் கல்யாணத்திலும் அவர் கை நனைக்க மாட்டார். பந்திக்கு வந்து கையைப் பிடித்து இழுத்தாலும் வயிறு சரியில்லை என்பார். ஏமாற்றிய வீட்டில் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது என்ற கூச்சம். வடை பாயசத்தோடு சாப்பாடு நடக்கும் நேரத்தில் வண்டிக்குள் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த மோர்சோற்றைக் குனிந்து சாப்பிடுவார்.

இதில் இன்னொரு வேதனையும் இருக்கிறது. பிணம் ஏற்றிய நாட்களில் அவருக்குக் கூச்சம் என்பதே இருந்ததில்லை. எதிரே வந்த வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன. இழவு வீட்டுக் கிழவர்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தன் ஆயுளில் தான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்று அவருக்கு உள்ளூர ஒரு எண்ணம் உண்டு. அதைத்தான் இப்போது திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது. கல்யாண வீட்டை ஏமாற்றுகிறோமே என்று ஒரு பக்கம் குத்துகிறது. செத்தவர்களை யாரென்றே தெரியாது என்று சொல்வதுபோல ஆகிவிட்டதே என்று மறுபக்கம் குத்துகிறது. படுத்தால் எந்தப் பக்கம் புரள்வது என்பதே அவருக்குப் பிரச்சினை.

தொண்ணூற்றேழாம் வருடம் ஆவணியில் தளவாய்புரத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை சுந்தரபாண்டியன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவன். கோயிலில் தாலி கட்டி முடித்து, மாலையும் கழுத்துமாக டிரைவர் பக்கத்துப் பெஞ்சிலேயே பெண்ணோடு ஏறிக்கொண்டான். வீட்டுத் தெருவுக்குள் வண்டி திரும்பியபோது வேடிக்கை பார்க்கும் கூட்டம் வழியை அடைத்து நின்றது. தங்கச்சாமி வழக்கம்போலத் தகரத்தைத் தட்டக் கையை ஓங்கினார். அதற்குள் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே எட்டி ஹாரனை அமுக்கிவிட்டான். குட்டியாக இரண்டு, நெட்டையாக ஒன்று.

தங்கச்சாமி அவன் மணிக்கட்டைப் பிடித்தேவிட்டார். பிடித்த பிறகுதான் அது மாப்பிள்ளையின் கை என்பது உறைத்தது.

"பிஞ்சுருக்குன்னீய, கணீர்னுதானே கேக்கு?" என்றான் அவன். பிறகு கொஞ்சம் யோசித்தான். "இந்தச் சத்தத்தை எங்கயோ கேட்ட மாதிரியே இருக்கு அண்ணாச்சி."

தெருவோரத்தில் ஒரு கிழவர் எழுந்து நின்று கையைக் குவித்தார். எதற்குக் குவித்தோம் என்று விளங்காமல், வண்டியிலிருந்த மாலைகளைப் பார்த்துவிட்டுக் கையை மெல்லக் கீழே போட்டார். தங்கச்சாமி குனிந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். தொப்பி தானாகவே புருவத்துக்கு இறங்கியது.

வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றது மாப்பிள்ளையின் அத்தை. அவனுடைய அம்மா இருளம்மாள் விதவை. நல்ல காரியத்தில் முன்னால் வரக்கூடாது என்பதால் வீட்டுப் பக்கச் சந்தில், ஈரக் கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மகனைப் பார்க்கவில்லை, மருமகளையும் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைக் கண்டதும் தங்கச்சாமிக்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

கிணறு வெட்டும்போது மண் சரிந்து அடிபட்டு, மதுரையில் உயிரை விட்டவன் அவள் புருஷன். நெட்டை ஆள். கடைசி பெஞ்சில் இடது ஓரமாக அவள் உட்கார்ந்து தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வலது ஓரத்தில் வெளியே நீட்டியிருந்த பாதங்களில் தங்கச்சாமி துண்டைக் கட்டினார். ஏழெட்டு வயதுப் பையன் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நிமிடத்துக்கொரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டியை நிறுத்தி, அம்மாவுக்கும் பையனுக்கும் சூடாகப் பால் வாங்கிக் கொடுத்தார். பிறகு ஹாரன் ரப்பரை அவன் கையில் திணித்து, "எம்புட்டு வேணாலும் அமுக்கு. ஆனா பின்னால பாக்கக் கூடாது" என்றார். குட்டியாக இரண்டு, நெட்டையாக ஒன்று என்று அமுக்கிக்கொண்டே அவன் ஊர் வந்து சேர்ந்தான்.

சாப்பாட்டு நேரத்தில் தங்கச்சாமி வண்டியை வீட்டுக்குப் பின்புறம் புளியமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினார். பந்தி முன்பக்கம் நடந்தது. புழக்கடையில் அண்டா குண்டாக்கள் குவிந்து கிடந்தன. கொஞ்ச நேரத்தில் இருளம்மாள் கையில் ஒரு வாழை இலைப் பொட்டலத்தோடு வந்தாள்.

"பந்தியில உங்களைக் காணலையே அண்ணே."

"வயிறு சரியில்ல தாயி."

"அதுக்குத் தக்கன ரசஞ்சோறுதான் கொண்டாந்திருக்கேன்."

பொட்டலத்தை அவர் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை. புதுப் பெயின்ட் அடித்த மரக்காலை மெல்லத் தடவிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அவியளைக் கொண்டாந்தது இந்த வண்டிதானே அண்ணே?"

யாராவது ஒருநாள் கண்டுபிடித்து, கூட்டம் கூட்டி, சட்டையைப் பிடிப்பார்கள் என்று அவர் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறார். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தார். இப்படி ஒரு குரலை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் தயாராக இருந்த பதில்தான் வாயில் வந்தது.

"இல்ல தாயி. அது வேற. இது குத்தாலம் போன வண்டி."

"ஹாரன் சத்தம் அதே மாதிரி..."

"ஹாரன் எல்லாம் ஒண்ணு போலத்தான் கேக்கும்."

இருளம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"ஊரக் கூட்டணும்னு கேக்கல அண்ணே. எம்மவன் கலியாணம், எனக்குத் தெரியாதா. அன்னைக்கு வந்த டிரைவர் எனக்கும் புள்ளைக்கும் பால் வாங்கிக் குடுத்தாவ. அழுத அழுகையில அவிய மொகத்தக்கூட நான் சரியாப் பாக்கல. என்னைக்காவது பாத்தா ஒரு வார்த்தை சொல்லணும்னு இருந்தேன். எம்புருசன் தலை மடியில கெடந்த எடத்தையும் ஒருக்கா தொட்டுப் பாக்கலாம்னு... அது போகட்டும்."

அவள் கண் கடைசி பெஞ்சுக்குப் போயிற்று.

"அங்கன ஏன் கயிறு கட்டியிருக்கீய?"

"ஸ்பிரிங் போயிருச்சு தாயி."

"பிள்ளைக ஏறி விழுந்துறக் கூடாதுல்ல. நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு அவள் போய் அண்டாவைத் தேய்க்க உட்கார்ந்தாள்.

முன்பக்கம் போட்டோ எடுக்கும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மாவைக் கூப்பிடச் சொல்லி போட்டோக்காரர் கேட்டார். "அவிய வேலையா இருக்காவ, நீங்க எடுங்க" என்று யாரோ பதில் சொன்னார்கள். இருளம்மாளுக்கும் அது கேட்டிருக்கும். அவள் நிமிரவில்லை, சாம்பலைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தங்கச்சாமிக்கு முகம் எரிந்தது. அதே சாவை அவளும் சுமந்தாள், வண்டியும் சுமந்தது. வண்டிக்குப் பெயின்ட் அடித்து, மாலை போட்டு, வாசல்வரை கூட்டிவந்து நிறுத்துகிறார்கள். அவளைப் புழக்கடையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த வண்டிக்காகப் பொய் சொல்ல ஒரு ஆள் இருந்தான், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஆள் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவளிடமே அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தான். இலைப் பொட்டலம் இன்னும் சூடாக அவர் தொடையை ஒட்டி இருந்தது.

தங்கச்சாமி தொப்பியைக் கழற்றி ஸ்டியரிங்கில் மாட்டினார். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு படிப்பலகை வழியாகப் பின்பக்கம் நடந்தார். வெயிலிலும் மழையிலும் இறுகிப்போன முடிச்சு விரலுக்கு அசையவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். கயிறு அவிழ்ந்து தரையில் விழுந்தது. தோளில் கிடந்த துண்டால் பெஞ்சை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை துடைத்தார்.

தேய்க்கும் சத்தம் நின்றுபோயிருந்தது. இருளம்மாள் சாம்பல் கையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கச்சாமி இடது ஓரத்தை அப்படியே விட்டுவிட்டு, பாதங்கள் இருந்த வலது ஓரத்தில் போய் உட்கார்ந்தார். இலையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் பார்க்க, ரசஞ்சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.